ஏழாவது ஷட்டர்

கோரையாற்று மதகில் ஏழு ஷட்டர்.
ஆறு என் கைக்குப் பழக்கம்.
ஏழாவதை ஏற்றும்போது மட்டும்
ஒரு பொம்பளைக் குரல் கேட்கும்.

"இன்னும் அரைச் சுத்து விடு, ரெங்கராசு.
வடவயலுக்குத் தண்ணி எட்டல."
மறுநாள் வரப்பேறிப் போய்ப் பார்த்தேன்.
எட்டத்தான் இல்லை.
அன்றைக்கு நம்ப ஆரம்பித்தது.

பதினோரு மாதம் பேசினாள்.
சாப்பிட்டியா என்பாள்.
செருப்பைப் போட்டுக்கிட்டு நட,
கல்லிடுக்கில் பாம்பு கிடக்கு என்பாள்.
கரைமேட்டுப் பிடாரிதான், சந்தேகமே இல்லை.
லஸ்கர் ஒருத்தன் காலைப் பற்றி
வேறு யாருக்கு இத்தனை அக்கறை?

ஐப்பசி வெள்ளத்தில் குரல் தடித்தது.
எல்லாத்தையும் இறக்கு என்றாள்.
அப்புறம்,
நீயும் இறங்கு.
கழுத்தளவு செம்மண் தண்ணியில் நின்றவனை
வாத்து மேய்க்க வந்த பையன்கள்
இழுத்துக் கரையில் போட்டார்கள்.

அருள் வந்திருக்கு, மாலை போடு என்றார் மாமனார்.
பேய்தான், நாகூருக்குக் கூட்டிப்போ என்றான் அண்ணன்.
செங்கமலம் யாரோடும் வாதாடவில்லை.
வளையலை அடகு வைத்துக் கார் பிடித்தாள்.
திருவாரூர் பெரியாஸ்பத்திரி, புதன்கிழமை,
மாடிப்படிக்குப் பக்கத்து அறை.

டாக்டர் ஃபர்சானா கேட்டுக் கேட்டு எழுதினார்.
குரல் உள்ளேயிருந்தா, வெளியேயிருந்தா?
தூக்கம் எத்தனை மணி? குடி உண்டா?
மதம் என்ற இடத்தில் இந்து என்று எழுதி
அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.
ஓர் அங்குலக் கட்டம் அது.
அவள் உட்காரக் காணாது.

ராத்திரிக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.
மூணாவது வாரம் விரல் நடுங்கியது,
இடுப்பில் பேன்ட் இறுக்கியது.
ஏழாவது வாரம் ஷட்டரை ஏற்றினேன்.
கிரீஸ் காய்ந்த பல்சக்கரம் கரகரத்தது.
தண்ணிச் சத்தம்.
இன்னும் கொஞ்சம் நின்றேன்.
தண்ணிச் சத்தம்.

குணமாயிட்டு என்றது ஊர்.
செங்கமலம் விரால் வாங்கிக் குழம்பு வைத்தாள்.
சோற்றில் கை வைத்தபடியே அழுதேன்.
இழவு விழுந்திருக்கிறது வீட்டில்,
எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நோவு போச்சும்மா," என்றேன் டாக்டரிடம்.
"கூடவே அவளும் போயிட்டா."
வெளியே நாற்பது பேர் வரிசை.
பேனாவை மூடி வைத்தார்.
மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன் என்றார்.
அவள் பொய் என்றும் சொல்ல மாட்டேன் என்றார்.
எனக்குத் தெரியாது, அதான், என்று
மேசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு
"இதுக்கப்புறம் கோயிலுக்குப் போனீங்களா?"

போகவில்லை.
எந்த முகத்தோடு போவது?
தினம் ஒரு மாத்திரையாக
அவள் வாயை அடைத்தவன் நான்.

பூசாரி வைரக்கண்ணு என்னைவிட ரெண்டு வயசு சின்னவன்.
மோட்டார் கொட்டகை ஓரம்
பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.
சொன்னேன், ஒன்று விடாமல்.
இழுத்த புகை வெளியே வர நேரமாயிற்று.
"பத்தொம்பது வருஷமா வெளக்கேத்துறேன், லஸ்கரே.
எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.
நாங்கள்லாம் இப்படித்தான்
கும்புட்டுக்கிட்டுக் கெடக்கோம்.
நீ இப்பத்தான் எங்க வரிசைக்கு வந்துருக்க."
அவன் குரலில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.
"சரி, போ. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு."

வௌவால் நெடி. எண்ணெய்ப் பிசுக்கு.
யாரோ நேர்ந்துவிட்ட பச்சைச் சேலை
ஒரு பக்கம் சரிந்திருந்தது.
வேண்டுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை.
சேலையை இழுத்துச் சரிசெய்தேன்.
சாப்பிட்டியா என்று கேட்டேன்.
கல் கல்லாக இருந்தது.
வெளியே வந்து
மறக்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

இப்போதும் எட்டரை மணிக்கு மாத்திரை,
செங்கமலம் எண்ணித் தருகிறாள்.
ஏழாவதில் அரைச் சுற்று கூடுதலாகத்தான் விடுகிறேன்.
வடவயலுக்குத் தண்ணி எட்டுகிறது.
நோட்டில் எழுதிய அளவுக்கும் இதுக்கும்
ஏன் வித்தியாசம் என்று ஜே.இ. கேட்டால்
சொல்ல ஒன்றும் இல்லை என்னிடம்.